கொக்கி இல்லாதவை

எத்திராஜுலு கொண்டுவந்து வைத்த கூண்டுகளில்
இன்று இரண்டு வகை.
கொருக்குப்பேட்டை அரிசிக் கிடங்கில் சிக்கியது சின்னது.
கால்வாய்க் கரையில், மீன் கழிவு கொட்டும் இடத்தில்
கூண்டே நகரும்படி உறுமியது பெரியது.
"பூனையே ஒதுங்கிப் போவும் மேடம் இத்தப் பாத்தா.
அம்பது ரூவா சேத்துக் குடுங்க."

தபஸ்ஸும் அறுத்தாள். நான் சாயம் ஏற்றினேன்.
சின்னதுக்குக் கோலிக்குண்டு அளவில் விதை.
பெரியது அரைக் கிலோ உடம்பு,
விதை என்னவோ புளியங்கொட்டை.

கண்ணாடியில் கண்ணை வைத்தேன்.
சின்னதின் விந்தணு
காசிமேட்டில் வஞ்சிரத்துக்குக் கட்டும் தூண்டில்:
தலையில் கொக்கி, பின்னால் நீள நீளமாய் வால்.
ஒன்றைப் பார்த்தால் லட்சத்தைப் பார்த்த மாதிரி.

பெரியதில் கொக்கியே இல்லை.
ஒரு தலை உருண்டை, ஒரு தலை கூம்பு,
இன்னொன்று
யாரோ பிசைந்து, கூப்பிட்ட குரலுக்கு எழுந்துபோய்விட்ட கொழுக்கட்டை.
வால் குட்டை.
சாயம்தான் கெட்டுப்போச்சு என்று
மூன்று தடவை புதிதாய்க் கலந்தேன்.

"சாயம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் தபஸ்ஸும்.
சின்னதில் பெட்டை ஒரே இரவில் பலரோடு சேரும்போல.
சேர்ந்தபிறகும் பந்தயம் முடியாது, உள்ளே நடக்கும்.
கொக்கி மழுங்கியவன் தோற்பான்,
வால் குறைந்தவன் தோற்பான்,
தோற்றவனின் எழுத்து அடுத்த பிரதியில் இருக்காது.
தலைக்குள் மரபு நூலைச் சுருட்டி இறுக்கும் புரதம் இருக்கே,
அதை எழுதும் மரபணுவுக்கு நிற்க நேரமில்லை,
மாறிக்கொண்டே ஓடும்.

பெரியதற்கு எதிராளி குறைந்துபோயிருக்கலாம்.
துரத்த ஆளில்லாத தெருவில்
எழுத்துப்பிழை அப்படியே தங்கும்.
'லாம்' என்பதை அவள் இரண்டு தடவை சொன்னாள்.

லூர்துவின் ரிப்போர்ட் என் பையில் நாலு நாளாய்,
டிபன் பாக்ஸுக்கு அடியில், குழம்பு வாசம் ஏறி.
சரியான வடிவம்: நூற்றுக்கு நான்கு.
நான்கு என்றால் பாஸ். எனக்குத் தெரியும்.
தண்டையார்ப்பேட்டை லேபில்
நானே எண்ணிச் சொன்ன நான்குகள் எத்தனை.
அவனுக்குச் சொன்னால்
மீதித் தொண்ணூற்றாறு மட்டும்தான் காதில் விழும்.

துறைமுக கேட்டில் பதினோரு மணி நேரம்
கன்டெய்னரோடு வரிசையில் நின்றுவிட்டு
எண்ணூர் ரோட்டுத் தூசியோடு வந்து உட்கார்ந்தான்.
"இன்னாமே, எலியெல்லாம் எப்டி கீது?"
எலியை அவன் இதுவரை கேட்டதே இல்லை.

சொன்னேன்.
"சின்னது ஜோரா கீது. பெரிசுதுதான்
ஒண்ணு மாரி ஒண்ணு இல்ல.
தல கோணல். வாலு குட்ட."
சோற்றில் கை நின்றது.
"அப்பால அத்துக்கு எப்டி குட்டி?"
"போன வாரம் எத்திராஜு தோண்டுன பொந்துல எட்டு இருந்துச்சாம்.
சிவப்பா, கண்ணு தொறக்காம."

சங்கரா முள்ளை ஒவ்வொன்றாய்த் தட்டின் ஓரத்தில் அடுக்கினான்.
நானும் பையை எடுக்கவில்லை.
கூட்ஸ் வண்டி ஒன்று யார்டுக்குள் வளைந்து
தகர ஷீட்டை நடுக்கிக்கொண்டே போனது,
போய்க்கொண்டே இருந்தது.

"எவ்ளோ பெரிசு?" என்றான்.
"எது?"
"அந்தப் பெருச்சாளி."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.
"அவ்ளோவா?"
வாலைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம்.
விரித்தேன்.
வண்டி முழுசாய்ப் போய்ச் சேரும்வரை
அவன் என் கைகளுக்கு நடுவில் இருந்த இடத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் கையை இறக்கவில்லை.